ரெசிடென்ட் ஈவில் 2: சுடுவதற்கு முன் வழியைக் கணக்குப் போடுங்கள்

2019 ஜனவரியில் கேப்காம் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக்கை முதல் முறை ஆடுபவர்களுக்கான குறிப்புகள் இவை. 1998-இல் வந்த பழைய பிளேஸ்டேஷன் கேமுக்கு இதில் பாதி பொருந்தாது. இதில் லியோன், கிளேர் என்ற இருவரில் ஒருவராக ஆடுவீர்கள். கதையின் பெரிய திருப்பங்களைச் சொல்லவில்லை. ஆனால் எந்த இடத்தில் எது வரும் என்பதைச் சொல்லாமல் உருப்படியான குறிப்பு எதுவும் எழுத முடியாது. அதுகூடத் தெரியக் கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த கேமைப் பாதியில் விட்டவர்களில் பலர் பயந்து விட்டவர்கள் இல்லை. போலீஸ் ஸ்டேஷனின் மேற்குப் பக்கம், துப்பாக்கியில் நாலு குண்டு, நடைபாதையில் மூன்று ஸோம்பி என்ற நிலைக்கு வந்து, இனி நகரவே முடியாது என்று மூடி வைத்தவர்கள். அந்த நிலைக்கு வரக் காரணம் குறி தவறியது அல்ல. கண்ணில் பட்ட ஸோம்பியையெல்லாம் சாய்த்துக்கொண்டே வந்ததுதான். மற்ற ஷூட்டர் கேம்களில் எதிரியைக் கொன்றால் குண்டோ பணமோ கிடைக்கும். இதில் ஸோம்பியைக் கொன்றால் ஒன்றும் கிடைக்காது. குண்டு செலவானதுதான் மிச்சம்.

அதனால் ஒரு ஸோம்பியைப் பார்த்ததும் கேட்டுக்கொள்ள வேண்டியது, "இவனைக் கொல்ல முடியுமா?" என்பதல்ல. "இந்த வழியாக இன்னும் எத்தனை தடவை போக வேண்டியிருக்கும்?" என்பதுதான். ஒரு தடவை போய் வரும் அறை என்றால் தாண்டி ஓடுங்கள். திரும்பத் திரும்ப நடக்க வேண்டிய பாதை என்றால் குண்டு செலவழித்துச் சுத்தம் செய்யுங்கள். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு கணக்கை ஒட்டித்தான்.

எங்கே கொல்ல வேண்டும்

ஸ்டேஷனின் நடுவில் மெயின் ஹால். இரண்டு பக்கமும் மேற்கு, கிழக்கு என நடைபாதைகள், மேலே இரண்டு மாடிகள், கீழே பேஸ்மென்ட். மெடாலியன் என்ற பதக்கங்கள் மூன்றைத் தேடி மெயின் ஹால் சிலையில் பொருத்துவதுதான் முதல் பாதி வேலை. அதற்கு ஸ்பேட், டைமண்ட் என்று சீட்டுக்கட்டுச் சின்னம் போட்ட சாவிகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். ஒவ்வொரு சாவி கிடைத்ததும், முன்பு பூட்டியிருந்த கதவைத் தேடிப் பழைய பாதையிலேயே திரும்பி வர வேண்டும்.

இப்படி அதிகம் மிதிபடுவது மேற்குப் பக்கம்தான். தரைத்தளத்தில் டார்க் ரூமுக்குப் போகும் நடைபாதை, அதையொட்டிய மேற்கு மாடிப்படி, இரண்டாம் தளத்தில் லைப்ரரி. டார்க் ரூமில் சேவ் செய்யும் டைப்ரைட்டரும் பொருள்களைப் போட்டு வைக்கும் ஐட்டம் பாக்ஸும் இருப்பதால் அங்கே போய் வந்துகொண்டே இருப்பீர்கள். இந்த மூன்று இடத்திலும் குண்டைப் பார்க்காமல் சுடுங்கள். கிழக்குப் பக்க அறைகளிலும் பேஸ்மென்ட்டிலும் கஞ்சத்தனம் காட்டுங்கள்.

சுத்தம் செய்த பாதையும் அப்படியே இருந்துவிடாது. மேற்கு நடைபாதை ஜன்னல்கள் உடைந்து வெளியிலிருந்து புதிய ஸோம்பிகள் உள்ளே விழும். அதற்காகத்தான் மரப்பலகை என்று ஒரு பொருள் கிடைக்கிறது. ஒரு பலகைக்கு ஒரு ஜன்னல். எல்லா ஜன்னலுக்கும் போதாது. பலகை கிடைத்ததும் அருகிலிருக்கும் ஏதோ ஒரு ஜன்னலில் அடித்துத் தீர்த்துவிடாமல், முதலில் தரைத்தள மேற்கு நடைபாதையை மூடுங்கள். அங்கே அடித்த ஒரு பலகை, பின்னால் பத்துப் பதினைந்து குண்டை மிச்சப்படுத்தும்.

கதவை நம்ப வேண்டாம். பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு ஸோம்பி உங்கள் பின்னாலேயே வரும். கதவைத் தட்டும் சத்தம் கேட்டால், அடுத்த நொடி அது திறக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுடுவது எப்படி

குறிபார்க்கும்போது திரையில் விரிந்து நிற்கும் கோடுகள், நகராமல் நின்றால் மெல்லச் சுருங்கும். முழுதாகச் சுருங்கிய பிறகு சுட்டால் குண்டு நேராகப் போகும், அடியும் பலமாக விழும். நடந்துகொண்டே சுட்டால் பாதி சுவருக்குத்தான். ஸோம்பி வரும் வேகம் குறைவு. அது நாலைந்து அடி தூரத்துக்கு வரும்வரை நின்று, கோடு சுருங்கியதும் தலையில் ஒன்று, தலை பின்னால் சாய்ந்து திரும்பியதும் இன்னொன்று. அவசரப்பட்டு மடமடவென்று அழுத்தினால் ஆடும் தலைக்குப் பக்கவாட்டில்தான் எல்லாம் போகும்.

"எத்தனை ஹெட்ஷாட்டில் சாகும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிலையான எண்ணிக்கை கிடையாது. சில சமயம் முதல் குண்டிலேயே தலை சிதறும், சில சமயம் ஏழெட்டு வாங்கியும் எழுந்து வரும். சும்மா விழுந்தது செத்ததாக ஆகாது. தலை சிதறியிருந்தால் மட்டும் உறுதி. மற்றபடி தரையில் கிடக்கும் எந்த உடலையும் தாண்டுவதற்கு முன் கத்தியால் இரண்டு தடவை கீறிப் பாருங்கள். உயிர் இருந்தால் உடல் அசையும், முனகும். அப்படியே தொடர்ந்து கீறி முடித்துவிடலாம், குண்டு செலவில்லை. ஆனால் கத்திக்கும் ஆயுள் உண்டு. ஒவ்வொரு கீறலுக்கும் அதன் பட்டை குறைந்துகொண்டே வந்து கடைசியில் உடையும். கிடக்கும் எல்லா உடலையும் வெட்டித் துண்டுபோடும் பொழுதுபோக்கு வேண்டாம்.

கொல்லாமல் தாண்ட வேண்டிய இடங்களில் இரண்டு வழி. நடைபாதை அகலமாக இருந்தால் தலையில் ஒரே ஒரு குண்டு போட்டு, அது தள்ளாடும் அந்த ஓரிரு நொடியில் பக்கத்தில் புகுந்து ஓடுங்கள். குறுகலாக இருந்தால் முழங்காலில் சுடுங்கள். கால் போனால் தவழ்ந்துதான் வர முடியும், அதைச் சுற்றிக்கொண்டு போவது சுலபம். தவழும் ஸோம்பியை ஒட்டி நடக்காதீர்கள், காலைப் பிடித்துக் கடிக்கும்.

பிடிபட்டால் கைகொடுப்பது துணை ஆயுதம்: கத்தி, கையெறி குண்டு, ஃப்ளாஷ் கிரனேட். இவற்றில் ஒன்றை மாட்டி வைத்திருந்தால், ஸோம்பி கட்டிப்பிடித்ததும் திரையில் காட்டும் பட்டனை அழுத்திக் கடி வாங்காமல் தப்பலாம். கத்தி என்றால் அது ஸோம்பியின் உடலிலேயே குத்தி நிற்கும். அந்த ஸோம்பியைச் சாய்த்துத் திரும்ப எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். புதியவர்கள் கத்தி தொலைப்பது பெரும்பாலும் இங்கேதான், குத்திவிட்டு ஓடிவிடுவார்கள். கையெறி குண்டு என்றால் வாயில் திணித்துவிடுவீர்கள். உடனே விலகிவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிப்பில் நீங்களும் சேர்ந்து விழுவீர்கள்.

லியோனின் மெட்டில்டா துப்பாக்கிக்கு ஸ்டாக் (பின்னால் மாட்டும் கட்டை) கிடைக்கும்போது ஒரு யோசனை வேண்டும். மாட்டினால் ஒரு அழுத்தத்துக்கு மூன்று குண்டு பாயும். பெரிய எதிரிகளுக்கு நல்லது, முதல் முறை ஆடுபவரின் குண்டுக் கணக்குக்கு ஆகாது. கிளேரின் ரிவால்வரில் ஐந்தே குண்டுகள். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அமைதியான இடத்தில் நின்று நிரப்பிக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும். ஸோம்பி முன்னால் வந்து நிற்கும்போது ரீலோட் செய்ய நேரம் கிடைக்காது.

எட்டு ஸ்லாட்

ஆரம்பத்தில் பையில் எட்டு ஸ்லாட். ஹிப் பௌச் கிடைக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு கூடும். டார்க் ரூம் போன்ற சேஃப் ரூமிலிருந்து கிளம்பும்போது பையில் இவ்வளவு போதும்: துப்பாக்கி, அதற்கான குண்டு, கத்தி, ஒரு மருந்து, ஒரு ஃப்ளாஷ் அல்லது கையெறி குண்டு. ஐந்து ஸ்லாட் போனது, மூன்று காலி. இரண்டுக்குக் குறைவாகக் காலி வைத்துக் கிளம்பினால், முக்கியப் பொருள் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு எதைத் தூக்கி எறிவது என்று யோசிப்பீர்கள். ஷாட்கன் எடுத்துப் போவதாக இருந்தால் முழுக்க நிரப்பி எடுத்துக்கொண்டு, மீதிக் குண்டுகளைப் பாக்ஸிலேயே வையுங்கள். துப்பாக்கிக்குள் இருக்கும் குண்டுக்கு ஸ்லாட் தேவையில்லை. ஐட்டம் பாக்ஸ் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒன்றில் போட்டதை எந்தச் சேஃப் ரூமிலும் எடுக்கலாம்.

சாவியின் வேலை முடிந்துவிட்டால் அதன் மேல் சிவப்பு டிக் விழும். அதைத் தயங்காமல் வீசிவிடலாம். டிக் விழாத எதையும் வீசாதீர்கள்.

மேப்பை அடிக்கடி திறந்து பாருங்கள். எடுக்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கும் அறை சிவப்பில் தெரியும், எல்லாம் முடிந்த அறை நீலமாகும். கண்ணில் பட்டும் எடுக்காமல் விட்ட பொருளை மேப்பே குறித்து வைத்துக்கொள்ளும். அதனால் பை நிறைந்திருக்கும்போது ஹெர்பையும் வெடிமருந்தையும் பதற்றப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டு வந்தால் போதும், அது எங்கும் போகாது. நீலமான அறைக்குள் திரும்பப் போவது வீண் ஆபத்து.

ஹெர்ப் விஷயத்தில் எல்லோரும் செய்வது, பச்சை கிடைத்ததும் தின்றுவிடுவது. பச்சை மட்டும் என்றால் கொஞ்சம்தான் ஏறும். பச்சையோடு சிவப்பைக் கலந்தால் முழு ஆரோக்கியமும் திரும்பும். பச்சை மூன்றைக் கலந்தாலும் அதே பலன்தான், ஆனால் மூன்று செடி போய்விடும். சிவப்பைத் தனியாகத் தின்ன முடியாது, அதனால் ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு பச்சை ஜோடியாக வைத்திருங்கள். நீலம் விஷத்துக்கு. பச்சை, சிவப்பு, நீலம் மூன்றும் சேர்ந்தால் முழு மருந்து மட்டுமல்ல, சிறிது நேரம் உடம்பில் விழும் அடியும் குறையும். அதை பாஸ் (பெரிய எதிரி) சண்டைகளுக்கு ஒதுக்கி வையுங்கள். நிலை மஞ்சளில் இருக்கும்போது மருந்து எடுக்க அவசரப்பட வேண்டாம். சிவப்புக்கு வந்து நொண்ட ஆரம்பித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெடிமருந்தில் சாதாரணம் இரண்டைக் கலந்தால் கைத்துப்பாக்கிக் குண்டு. லியோனாக ஆடும்போது சாதாரணத்தோடு மஞ்சளைக் கலந்தால் ஷாட்கன் குண்டு. உடனே கலந்து தீர்க்காமல் பாக்ஸில் போட்டு வைத்து, எது குறைகிறதோ அதைச் செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

புதிருக்கு விடை சொல்வது சிலருக்குப் பிடிக்காது. அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மேற்கு ஆபீஸில் உள்ள சேஃபுக்கு இடது 9, வலது 15, இடது 7. உள்ளே ஹிப் பௌச். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இரண்டு ஸ்லாட் கூடுவது சின்ன விஷயம் இல்லை. அதே ஆபீஸில் லியோனின் மேஜைக்கு இரண்டு எழுத்துப் பூட்டுகள்: என்-இ-டி, எம்-ஆர்-ஜி. அங்கே பணிபுரிந்தவர்களின் பெயர்களின் முதல் எழுத்துகள் அவை, மேஜைகளைச் சுற்றிப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். லியோனுக்கு அதில் மெட்டில்டாவின் பெரிய மேகஸின் கிடைக்கும். சேஃப்டி டெபாசிட் ரூமில் இருக்கும் ஆயுத லாக்கரைக் கீகார்டு கிடைத்ததும் முதல் வேலையாகத் திறங்கள். லியோனுக்கு ஷாட்கன், கிளேருக்கு கிரனேட் லாஞ்சர்.

கைக்கு வந்த பெட்டி, புத்தகம், பேட்ஜ் எதுவானாலும் எக்ஸாமின் கொடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ஸ் என்ற போலீஸ் சிறப்புப் பிரிவின் பேட்ஜை அப்படிப் பார்த்தால்தான் அது யூஎஸ்பியாக மாறும். அதை ஸ்டார்ஸ் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகினால் லியோனுக்கு மேக்னம் துப்பாக்கி. இதைக் கவனிக்காமலே ஸ்டேஷனை விட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

ஓடக் கூடாதவனும் ஓட வேண்டியவனும்

நீண்ட நாக்கோடு சுவரில் ஊர்ந்து வரும் பிராணியான லிக்கருக்குக் கண் தெரியாது. காதுதான் எல்லாம். அதைப் பார்த்ததும் ஓடினால் செத்தீர்கள், நின்று சுட்டாலும் ஏறக்குறைய அதே கதிதான். அனலாக் ஸ்டிக்கைக் கொஞ்சமாகத் தள்ளி மெதுவாக நடங்கள். சுவரோரமாக, லிக்கர் மேல் உடம்பு இடிக்காமல் போனால் பக்கத்திலேயே தாண்டிவிடலாம். கீபோர்டில் ஆடுபவர்கள் நடக்கும் பட்டன் எது என்று செட்டிங்ஸில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லிக்கர் முன்னால் நின்று தேடும் விஷயமல்ல அது. வழியே இல்லை என்றால் ஃப்ளாஷ் போட்டு, தடுமாறும்போது ஷாட்கனால் அடியுங்கள்.

உங்களைத் துரத்தும் தொப்பி போட்ட ராட்சத உருவமான மிஸ்டர் எக்ஸ் நேர் எதிர். ஹெலிகாப்டர் மோதி எரியும் நடைபாதையில் தீயை அணைத்த பிறகு, அந்த ஹெலிகாப்டரையே தூக்கிக்கொண்டு வருவான். அதிலிருந்து ஸ்டேஷன் முழுக்க உங்களைத் தேடிக்கொண்டே திரிவான். அவனைக் கொல்ல முடியாது. நிறையச் சுட்டால் மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பான், அப்புறம் எழுந்து வருவான். அவன் மேல் போட்ட குண்டு எல்லாம் வீண். தொப்பியை மட்டும் சுட்டு வீழ்த்தினால் ஒரு டிராஃபி உண்டு, அது உங்கள் இஷ்டம்.

அவனிடமிருந்து தப்பக் காதைப் பயன்படுத்துங்கள். ஹெட்போன் போட்டு ஆடினால், மேல் மாடியில் நடக்கிறானா, பக்கத்து அறையிலா என்று காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். துப்பாக்கிச் சத்தம் அவனை இழுக்கும், அதனால் அவன் அருகில் இருக்கும்போது ஸோம்பிகளைச் சுடாதீர்கள். நேருக்கு நேர் மாட்டினால் குறுகிய நடைபாதையில் பின்வாங்காமல் அகலமான இடத்துக்கு இழுங்கள். மெயின் ஹாலும் லைப்ரரியும் இதற்குத் தோது. அவன் கையை ஓங்கி அடித்துத் தவறியதும் பக்கவாட்டில் புகுந்து ஓடினால் நீண்ட தூரம் கிடைக்கும். சேஃப் ரூமுக்குள் வரமாட்டான். மெயின் ஹாலில் டைப்ரைட்டர் இருந்தாலும் அது சேஃப் ரூம் இல்லை, உள்ளே வருவான். இப்போதுதான் மேற்குப் பாதையை முன்பே சுத்தம் செய்ததன் அருமை தெரியும். முன்னால் ஸோம்பி, பின்னால் இவன் என்று நடுவில் மாட்டினால் தப்புவது கஷ்டம்.

பார்க்கிங் பக்கம் வரும் நாய்களுக்குக் குறிபார்த்து நேரம் செலவழிக்காதீர்கள். பாய்ந்து வரும்போது பின்வாங்கி, தரையில் இறங்கியதும் கைத்துப்பாக்கியால் சுடுங்கள்.

ஸ்டேஷனுக்கு அடியில் வரும் முதல் பாஸுக்கு ஒரே குறி, வலது தோளில் விழிக்கும் பெரிய கண். உடம்பில் சுடுவது வீண். பின்னால் சாக்கடைத் தண்ணீரில் எழும் பெரிய பிராணிகளுக்கும் கண்தான் குறி. அவை பிடித்தால் விஷம் ஏறும், அங்கே நீல ஹெர்ப் ஒன்று பையில் இருக்கட்டும். அதன் பிறகு வரும் சண்டையில் கிரேன் ஒன்று ஆடும். குண்டு போட்டு எதிரியைத் தடுமாற வைத்து, அவன் அதன் பாதையில் நிற்கும்போது கிரேனை இயக்கி மோதவிடுங்கள். துப்பாக்கியாலேயே முடிக்கப் பார்த்தால் கடைசிப் பகுதியான லேபுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

லேபில் செடிகளால் ஆன மனித உருவங்கள் திரியும். அவை பிடித்தால், துணை ஆயுதம் மாட்டியிருக்காவிட்டால், ஒரே கடியில் சாவு. மருந்து கைகொடுக்காது. சுட்டுச் சாய்த்தாலும் எழுந்து வரும், நெருப்பு மட்டுமே முடிக்கும். லியோனிடம் ஃப்ளேம்த்ரோவர், கிளேரிடம் தீக்குண்டு. உடம்பில் பளபளக்கும் குமிழ்களைக் குறிபார்த்தால் சீக்கிரம் சாயும், உடனே தீ வையுங்கள். எரிபொருளும் அளவாகத்தான் கிடைக்கும், அதனால் திரும்பி வர வேண்டிய பாதையில் நிற்பதை மட்டும் எரியுங்கள்.

சேவ்

முதல் முறைக்கு ஸ்டாண்டர்டு. டைப்ரைட்டரில் எத்தனை முறை வேண்டுமானாலும் சேவ் செய்யலாம், இடையிடையே ஆட்டோசேவும் உண்டு. ஹார்ட்கோரில் ஒவ்வொரு சேவுக்கும் இங்க் ரிப்பன் வேண்டும், ஆட்டோசேவ் கிடையாது. கேமின் வரைபடம் மனப்பாடமான பிறகு அதைத் தொடுங்கள். அசிஸ்டெடில் குறி உதவியும், உடல்நிலை தானாகக் கொஞ்சம் தேறுவதும் உண்டு. ஷூட்டர் கேமே ஆடிப் பழக்கமில்லாதவர்கள் அதில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரே ஸ்லாட்டில் திரும்பத் திரும்ப சேவ் செய்யாதீர்கள். மூன்று ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். குண்டும் மருந்தும் இல்லாமல் பாஸ் சண்டை வாசலில் சேவ் செய்து மாட்டிக்கொண்டால், முந்தைய ஸ்லாட்தான் காப்பாற்றும். லேபுக்குப் போகும் டிராமில் ஏறுவதற்கு முன் கட்டாயம் தனி ஸ்லாட்டில் ஒரு சேவ். அதில் ஏறினால் ஸ்டேஷனுக்குத் திரும்ப முடியாது, விட்டுவந்தவை போனதுதான்.

ஒரு கதாபாத்திரத்தை முடித்ததும் அடுத்தவருடைய இரண்டாவது ஓட்டம் திறக்கும். அதில் மிஸ்டர் எக்ஸ் சீக்கிரமே வந்துவிடுவான், பொருள்கள் பல இடம் மாறியிருக்கும். சேஃபுகளின் எண்கள் மாறாது. மெடாலியன்கள் இருக்கும் சிலைகளில் திருப்ப வேண்டிய சின்னங்கள் மாறும், பழைய விடை அங்கே செல்லாது. விடை இருக்கும் புதிய நோட்புக்கைப் படித்துவிட்டே சிலையைத் தொடுங்கள்.